கனியக்காவின் வயிறு

எங்கள் நல்லமுத்தாபுரத்தில் வயிறுகள் பேசத் தொடங்கிய கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு யாரும் பார்க்காதபோது தங்கள் வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் எங்களுக்கு அது தேர் ஓடியது போல, குளம் நிறைந்தது போல ஒரு வருஷத்து நடப்பு, அவ்வளவுதான். வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மசூது பாயின் பரோட்டாக் கடையில், சால்னாவில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்த பரோட்டாத் துண்டை ஐகோர்ட் துரை வாய்வரைக்கும் கொண்டுபோன நேரத்தில், "ஐயா, போதும், நேத்து போட்டதே இன்னும் அப்படியே கெடக்கு" என்று ஒரு குரல் கேட்டது. ஐகோர்ட் துரை என்பது பட்டப்பெயர் அல்ல, குலசாமி பெயரை வைத்திருந்தார்கள். மற்றபடி அவர் எந்தக் கோர்ட்டுப் படியும் ஏறியவர் இல்லை, தன் மனைவி நடத்தும் மெஸ்ஸில் கல்லாவில் உட்காருவதும் சாயங்காலமானால் நாக்கு ருசிக்காக அடுத்தவர் கடையில் போய்ச் சாப்பிடுவதும்தான் அவருடைய உத்தியோகம். குரல் கேட்டதும் அவர் பக்கத்தில் இருந்த லாரி டிரைவரைப் பார்த்து, "எம் பரோட்டாவ எண்ணுததுக்கு நீரு யாருவே?" என்று சண்டைக்குப் போய்விட்டார்.

"அவர ஏன் ஏசுதிய? நாந்தான் பேசுதேன்" என்றது அவருடைய வயிறு, சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னாலிருந்து, சம்பந்தி வீட்டில் பேசுகிற மாதிரி பணிவாக. "கொஞ்சம் சுண்டல் இருக்குமான்னு கேளுங்களேன்."

மசூது பாய் மாவை வீசி அடிப்பதை நிறுத்தாமலேயே, "சுண்டல் இல்லையே. நாளைக்கு வேணா அவிச்சு வைக்கேன்" என்று அந்த வயிற்றைப் பார்த்துப் பதில் சொன்னார்.

மறுநாள் விடிந்தபோது ஊரில் உள்ள அத்தனை வயிறுகளும் பேசிக்கொண்டிருந்தன. ஆறடி ஆளுக்குக் குழந்தைக் குரலில் வயிறு, ஒல்லிப் பிள்ளைக்கு மேளம் கொட்டுகிற மாதிரி வயிறு, எதற்கும் சொந்தக்காரனுடைய குரல் இல்லை. வயிறுகளுக்குக் கோபப்படத் தெரியவில்லை, கெட்ட வார்த்தை தெரியவில்லை, பொய் என்பது சுத்தமாகத் தெரியவில்லை. இந்தக் கடைசிக் குணம்தான் ஊரைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டு இட்லி சாப்பிட்டேன் என்று சொன்ன பிள்ளைகள் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டார்கள். மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டபோது முன்வரிசை வயிறுகள் முந்திக்கொண்டு "ஆமென்" சொல்லிவிட்டன. டாக்டர் ஜெபசெல்வி, நோயாளிகளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு வயிற்றிடமே நேராக விசாரிக்கும் முறைக்கு மாறினார். அதில் ஒரே ஒரு சங்கடம், நோயாளியின் வயிறு பேசி முடித்ததும் டாக்டரின் வயிறு, "இவங்களும் காலையிலேர்ந்து வெறும் காப்பிதான், யாராவது எடுத்துச் சொல்லுங்க" என்று முறையிடும்.

புது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் செய்யும் வேலை என்றார்கள் சிலர், அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழா தள்ளிப்போனதால் அம்மன் செய்யும் விளையாட்டு என்றார்கள் சிலர், எங்களுக்கோ காரணம் தேட நேரம் இல்லை, வயிறு கேட்டதை வாங்கக் கடைக்கு ஓடுவதற்கே பொழுது சரியாக இருந்தது. செல்லப்பாண்டி அண்ணாச்சியின் மளிகைக் கடையில், புறாவுக்கும் கோழிக்கும் என்று மூலையில் கிடந்த கம்பும் குதிரைவாலியும் தூசி தட்டப்பட்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்தன, கலர் சோடா பாட்டில்கள் அந்த மூலைக்குப் போயின. தோல் உளுந்தை இத்தனை நாள் ஏன் தோல் நீக்கி வாங்கினோம் என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். தாலுகா ஆபீசில் பிஸ்கட் தட்டு வைக்கிற இடத்தில் அவித்த நிலக்கடலை வந்தது. யார் வீட்டு முருங்கை மரத்திலும் எட்டுகிற உயரத்தில் இலை இல்லாமல் போயிற்று, மாடுகள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

ஆனால் வயிறுகள் ஒன்றும் சாமியார்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐகோர்ட் துரை மசூது பாய் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றால், "சரி, ஆசப்பட்டுட்டிய, ஒண்ணு சாப்பிடுங்க, கூட வெங்காயம் நெறைய கேட்டு வாங்குங்க" என்று அவருடைய வயிறே பெரிய மனது பண்ணும். மசூது பாயும் சும்மா இருக்கவில்லை, முழுக்கோதுமையும் கம்பும் கலந்து, நடுவில் முருங்கைக்கீரையும் முட்டையும் வைத்து ஒரு ரொட்டி கண்டுபிடித்தார். அதைத் தின்ற வயிறுகள் நன்றி சொல்லுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

கல்யாண விஷயங்களிலும் வயிறு நுழைந்துவிட்டது. சுடர்க்கொடியைப் பெண் பார்க்க வந்த இடத்தில், சொஜ்ஜித் தட்டோடு அவள் வந்து நின்றதும் அவள் வயிறு, "நாலு நாளா என்னயப் பட்டினி போடுதா, மெலிஞ்சு தெரியணுமாம்" என்று சபையில் அழுதது, பெண்ணின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போது மாப்பிள்ளையின் வயிறு, "இங்கயும் அதே கததான், இவன் ஜிம்முக்குப் போறேன்னு டப்பாப் பொடியக் கரைச்சுக் கரைச்சு ஊத்துதான், சோத்தக் கண்டு மாசமாச்சு" என்றது. இரண்டு வயிறுகளும் பேசிப் பேசிச் சிநேகமாகி, சொஜ்ஜியை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து பச்சைப்பயறு அவித்துக் கொண்டுவரச் சொல்லி, பிள்ளைகள் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கையில் பெரியவர்கள் தாம்பூலம் மாற்றினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர் ஜோசியர் பத்துப் பொருத்தத்தோடு வயிற்றுப் பொருத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்.

இவ்வளவு அமளியிலும் மிகவும் சிரமப்பட்டது ஐகோர்ட் துரையின் மனைவி சண்முகக்கனி, ஊருக்கெல்லாம் கனியக்கா. அவள் மெஸ்ஸில் முன்பிருந்தே இந்தச் சாப்பாடுதான்: தோல் உளுந்து போட்ட உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கொள்ளை வறுத்து அரைத்த காணத் துவையல், கம்பஞ்சோறு, சிறுகிழங்குப் பொரியல், ஏதாவது ஒரு கீரை. முன்பு பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். இப்போதோ பதினொன்றரைக்கே, "கனியக்கா, கனியக்கா" என்று தெருமுனையிலிருந்து வயிறுகள் கூப்பிட்டுக்கொண்டே வந்தன, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளின் வயிறுகள்கூட அவள் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குசலம் விசாரித்தன. விடியுமுன் எழுந்து, ஆய்ந்து, அரைத்து, வடித்து, பரிமாறி, கழுவிக் கவிழ்க்கும்போது பொழுது மூன்றைத் தாண்டிவிடும், கனியக்கா முகத்தில் அப்போதும் சிரிப்பு மாறாது, சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவளுடைய வயிறு மட்டும் பேசவில்லை. இத்தனை இரைச்சலில் அதை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை, கட்டின புருஷனும் கவனிக்கவில்லை, புருஷனுடைய வயிறுதான் கவனித்தது. ஒரு மத்தியானம் மெஸ்ஸைச் சாத்திவிட்டு இருவரும் பாயில் சாய்ந்திருந்தபோது அது ஐகோர்ட் துரையிடம், "பக்கத்துல இருக்கிற வயித்துகிட்ட தெனமும் சாப்பிட்டாச்சான்னு கேக்கேன், ஒரு பதிலும் வரமாட்டேங்கு. எம்மேல எதுவும் வருத்தமா?" என்று கவலையோடு கேட்டது.

"ஏ கனி, ஒன் வயிறு ஏன் பேச மாட்டேங்கு?" என்றார் துரை.

"பேச என்ன இருக்கு? அது அடக்கமான வயிறு, சும்மா கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட எழுந்து போய்விட்டாள்.

ஐகோர்ட் துரைக்குப் பெருமை தாங்கவில்லை, தன் மனைவியின் வயிறு எவ்வளவு அடக்கமானது என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். வேறு ஊராக இருந்தால் பேசாத வயிற்றைப் பார்த்துப் பயந்திருப்பார்கள், எங்கள் ஊர் அதைக் கையெடுத்துக் கும்பிட்டது. மாமியார்கள் மருமகள்களிடம், "வயிறுன்னா கனி வயிறு மாதிரி இருக்கணும், இதுவரைக்கும் ஒரு கொற சொன்னதுண்டா?" என்று காட்டிக்காட்டிப் பேசினார்கள், "எங்களுக்குப் பசிக்குதே" என்று மருமகள்களின் வயிறுகள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் வணிகர் சங்கம் கூடி, குறை சொல்லாத வயிற்றுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் நானும் கைதட்டினேன்.

விழாவுக்குப் பந்தல், மைக் செட், மாலை, பொன்னாடை எல்லாம் வந்தன. விழாச் சாப்பாட்டை யார் சமைப்பது என்ற கேள்வியே எழவில்லை, கனியக்காதான் சமைத்தாள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள், பந்தி பரிமாறி முடித்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே மேடை ஏறினாள். சங்கத் தலைவர் செல்லப்பாண்டி அண்ணாச்சி, "வள்ளல்களைப் பார்த்திருக்கிறோம், தியாகிகளைப் பார்த்திருக்கிறோம், ஆனால் கேட்காத வயிற்றை" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கழுத்து நிறைய மாலையோடு நின்றிருந்த கனியக்கா அப்படியே சரிந்து விழுந்தாள். பந்தலில் அத்தனை வயிறுகளும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தின.

டாக்டர் ஜெபசெல்வி ஓடி வந்து அவள் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே" என்றார். பிறகு மேடைப் பலகையில் மண்டியிட்டு, அவள் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இருந்தது.

"இது அடக்கம் இல்ல. கேட்டுக் கேட்டுப் பாத்து, யாரும் காது குடுக்கலன்னு விட்டுட்ட வயிறு. இன்னைக்கு இவங்க என்ன சாப்பிட்டாங்க?"

"அவ சாப்பிடத்தான செய்வா" என்றார் ஐகோர்ட் துரை. "எப்பவும் சாப்பிடுவாளே."

"எப்ப? எங்க உக்காந்து?"

துரை எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் யோசித்தோம். வருஷக்கணக்காக அவள் கையால் தின்றவர்கள் ஊர் கொள்ளாமல் அங்கே நின்றோம், தாசில்தார் முதல் தண்ணீர் வண்டிக்காரர் வரைக்கும் ஆளாளுக்கு ஞாபகத்தைத் துழாவினோம், கனியக்கா இலைபோட்டு உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மயக்கம் தெளிந்த கனியக்காவே, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி பதில் சொன்னாள். "பானையில அடிச்சோறு கொஞ்சம் ஒட்டிருக்கும், ரசத்த ஊத்தி நின்னுக்கிட்டே குடிச்சிருவேன். பதினோரு மணிக்கு டீயும் பன்னும் உண்டு. கீர எப்பவும் மிஞ்சாது டாக்டரம்மா, எல்லாரும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குதாங்கல்லா."

"மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா அதை மட்டும் நம்பி உங்கள அனுப்ப மாட்டேன்" என்றார் டாக்டர். "பசின்னு சொல்லவே மறந்துபோன வயிறு இது. இது பேசணும். பேச வைக்காம விட்டீங்கன்னா, அடுத்த தடவ இவங்க விழுந்தா எழுந்திருக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலமே ஊர் கிளம்பிவிட்டது. மசூது பாய் முருங்கைக்கீரை ரொட்டியோடு வந்தார், சுடர்க்கொடி பச்சைப்பயறும் கருப்பட்டியும் கொண்டுவந்தாள், செல்லப்பாண்டி அண்ணாச்சி மேடைப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டினார், கேழ்வரகுப் புட்டு, நெத்திலிக் கருவாடு, மாதுளை, அகத்திக்கீரை, ஈரல் வறுவல் என்று கனியக்கா வீட்டுக் கூடத்தில் நடக்க வழியில்லாமல் தூக்குவாளிகள் நிறைந்தன. வந்தவர்களின் வயிறுகளெல்லாம் கூடி, "வா தாயி, வெளிய வா, ஒரு வார்த்த பேசு" என்று கும்மிக்காரிகள் மாதிரி ராகம் போட்டுக் கூப்பிட்டன. கனியக்கா படுக்கையிலிருந்து எழுந்து இவ்வளவு கூட்டத்தையும் இவ்வளவு பாத்திரங்களையும் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். "உக்காருங்க, உக்காருங்க, சூடு ஆறுதுல்லா" என்று வரிசையாக இலையைப் போட்டு, அவரவர் கொண்டுவந்ததை அவரவருக்கே பரிமாற ஆரம்பித்துவிட்டாள், நாங்களும், "சொன்னால் கேட்பாளா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டோம். நாங்கள் கிளம்பும்போது பாத்திரங்கள் காலியாக இருந்தன, அவள் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்று இதைப் பார்த்த ஐகோர்ட் துரைக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலையில் மெஸ் கதவில், "இன்று கிடையாது, யாரும் வரவும் வேண்டாம்" என்று கரித்துண்டால் எழுதிவிட்டு, ஆயுசில் முதல் தடவையாக அவர் அடுப்படிக்குள் போனார். கனியக்கா பதறி எழுந்தாள், அவர் அவளைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த சமையல் என்று ஒன்றும் இல்லை. அவருடைய வயிறுதான், "அரிசியோட உளுந்தப் போடுங்க. பூண்டு, வெந்தயம், தேங்கா. எள்ள வறுக்கும்போது தீயக் கொறைங்க, கருகுது பாருங்க" என்று உள்ளிருந்தபடியே சொல்லிக்கொடுத்தது. கீரையை ஆயத் தெரியாமல் காம்போடு போட்டார், உளுந்தஞ்சோறு குழைந்து களியாயிற்று, தேங்காய் துருவியதில் விரலும் கொஞ்சம் துருவுபட்டது. வெளியே தெருவில், வரவேண்டாம் என்று அவர் எழுதியிருந்தும் நாங்கள் வந்து, சத்தம் காட்டாமல் நின்றுகொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. துரை தரையைத் துடைத்து, ஒற்றை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் துவையலும் நிறையக் கீரையும் வைத்துவிட்டு, "வா கனி" என்றார்.

கனியக்கா இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க மொதல்ல சாப்பிடுங்க. நான் பெறவு சாப்பிட்டுக்கிடுதேன்" என்று கரண்டியை வாங்கக் கையை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்."

"பசியோட இருப்பிய, நேரமாச்சு."

"ஆமா, பசிக்கத்தான் செய்யுது" என்றது துரையின் வயிறு. "ஆனா நான் இருந்துக்கிடுவேன். அந்த வயிறுதான் வாயத் தொறந்து கேக்கணும்."

அவள் கையை நீட்டியபடி நின்றாள், அவர் கரண்டியைக் கொடுக்காமல் நின்றார், உளுந்தஞ்சோற்றின் ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்து போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஒரு குரல் கேட்டது. தொண்டை கட்டின குரல், பல வருஷமாக யாரோடும் பேசாத குரல், சோறு வேண்டும் என்று அது கேட்கவில்லை, கீரை வேண்டும் என்றும் கேட்கவில்லை.

"உக்காருட்டி" என்றது கனியக்காவின் வயிறு. "கால் வலிக்கும்லா."

கனியக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் அழுதாள், அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்தாள், முதல் கவளம் உள்ளே போனதும், "இன்னும்" என்றது வயிறு, அடுத்த கவளத்துக்கும் "இன்னும்" என்றது, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி அவள் தனக்கே ஊட்டிக்கொண்டாள். ஐகோர்ட் துரை குனிந்து குனிந்து பரிமாறினார், அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, பரிமாறுவது இவ்வளவு வலிக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "கீரையில காம்பு கெடக்கு" என்றாள் கனியக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நாளைக்கு நல்லா ஆய்வேன்" என்றார் அவர். "உப்பும் பத்தல" என்றாள். எங்கள் ஊரில் கனியக்கா வாயால் நாங்கள் கேட்ட முதல் குறை அதுதான், தெருவில் நின்றவர்கள் எல்லாரும் கைதட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகு அவள் முகத்தில் மெல்ல மெல்ல நிறம் வந்தது, படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது, பரிமாற இரண்டு ஆள் வைத்தார்கள், துரை கல்லாவை விட்டுக் கீரை ஆயும் பலகைக்கு மாறினார். அவள் வயிறும் ஒரேயடியாகப் பேச்சுக்காரியாகிவிட்டது, புருஷன் வயிற்றோடு மத்தியானம் முழுக்க அதற்கு ஓயாத பேச்சு. மெஸ்ஸில் இப்போது முதல் இலை கனியக்காவுக்குத்தான். அவள் நடுப்பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு, இரண்டாந்தரம் கீரை கேட்டு வாங்கி, கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும். அதுவரைக்கும் ஊரே பசியோடு உட்கார்ந்திருக்கும்.

போன வாரம், வெளியூரிலிருந்து மருந்து விற்க வந்த ஒரு தம்பி, டை கட்டின தம்பி, பெஞ்சில் உட்கார்ந்த கையோடு மேஜையைத் தட்டினான். "என்னங்க இது, இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கோம், ஒரே ஒரு அம்மா மட்டும் சாப்பிட்டுட்டு இருக்காங்க? எங்களுக்கு எப்பங்க சாப்பாடு?"

நாங்கள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அதுநாள் வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிராத அந்தப் பிள்ளையின் வயிறு, டைக்குக் கீழேயிருந்து தாழ்ந்த குரலில் சொன்னது:

"கொஞ்சம் பொறுப்பா. அந்தம்மா சாப்பிட்டு முடிக்கட்டும்."